எந்த உடலுக்கு எந்த அறுவை?

நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் 1920களில் பணிக்குச் சேர்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், 1922லும் 1924லும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிப் போன குழுக்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து தெற்கே வந்தவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் சிகிச்சைக்குக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் வாழ்நாள் வேலை இங்கேதான் என்று முடிவு செய்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிகப் பரவலான நோய். மருந்தால் ஆறாத புண்ணுக்கு அறுவைதான் வழி. இரைப்பையில் ஒரு திறப்பு உண்டாக்கி, புண்பட்ட முன்சிறுகுடலைத் தாண்டி, அதற்கு அடுத்த சிறுகுடல் பகுதியோடு நேராக இணைத்துத் தைப்பார்கள். உணவு புண் இருக்கும் இடத்துக்குப் போகாமல் வேறு வழியில் இறங்கிவிடும். சாமர்வெல்லும் அவருடைய சகாக்களும் இந்த அறுவையைப் பெரும் எண்ணிக்கையில் செய்து, அனுபவத்தை மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பல பத்தாண்டுகள் இது வழக்கமான அறுவையாக இருந்தது. நடுவயிற்றில் நீளத் தழும்போடு 'அல்சர் ஆபரேஷன்' கதை சொல்லும் முதியவர்களை மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம்.

1980களில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். அதற்காக 2005ல் நோபல் பரிசு பெற்றார்கள். மாத்திரையிலேயே புண் ஆறத் தொடங்கியதும் அல்சர் அறுவை அநேகமாக வழக்கொழிந்து போனது. ஆனால் அந்தத் தையல் அதற்கு முன்பே வேறொரு வேலைக்குப் போயிருந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் மேசன், அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் அதன் பிறகு எடை ஏறாமலே இருப்பதைக் கவனித்தார். 1966ல் சிகாஷி இட்டோ என்ற சக மருத்துவரோடு சேர்ந்து, உடல் பருமனுக்கென்றே முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். மதுரையின் தனியார் மருத்துவமனைகளில் இன்று நான்கைந்து சிறு துளைகள் வழியாகச் செய்யப்படும் பைபாஸ் அந்த வழியில் வந்ததுதான்.

அல்சரின் காலம் போய், பருமனும் சர்க்கரை நோயும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. 2015-16ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 சதவீதம் ஆனது. ஆண்களில் 37 சதவீதம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய பெரிய ஆய்வு 2023ல் வெளியானபோது, தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் பங்கு 14.4 சதவீதம் என்று தெரிந்தது. நாட்டின் சராசரியான 11.4 சதவீதத்தைவிட அது அதிகம்.

இவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவையில்லை. தேவைப்படுகிற சிறு பகுதியினர் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எந்த ஆபரேஷன்ல ரொம்ப எடை குறையும் டாக்டர்?" என்பதுதான். இயல்பான கேள்வி. ஆனால் பல ஆண்டு ஆய்வுகளைப் பார்த்தால், அறுவைகளுக்கு இடையிலான எடை வித்தியாசம் நினைப்பதைவிடச் சிறியது. ஒருவருக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறதா, சர்க்கரை எத்தனை ஆண்டாக இருக்கிறது, ரத்தத்தில் இரும்பு எவ்வளவு, மூட்டுவலிக்கு என்ன மாத்திரை விழுங்குகிறார், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர முடியுமா என்ற கேள்விகளே தேர்வை அதிகம் தீர்மானிக்கின்றன.

நான்கு வழிகள்

உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் அறுவை. இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் சுமார் முக்கால் பங்கை ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாய். எவ்வளவு ஒடுக்குவது என்பதற்கு அளவாக, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாயை வாய்வழியாக உள்ளே இறக்கி, அதை ஒட்டியே வெட்டுவார்கள். குடலைத் தொடுவதில்லை, உணவு போகும் பாதையும் மாறுவதில்லை. வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. ஜப்பானின் கோஜிமா, கங்காவா இருவரும் 1999ல் கண்டறிந்த ஹார்மோன் இது. அந்தப் பகுதி போய்விடுவதால் வயிறு சீக்கிரம் நிறைவதோடு, முதல் சில மாதங்களில் பசியும் அடங்கிவிடுகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதையும் நோயாளி முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்லீவ் தனி அறுவையாகப் பிறந்ததல்ல. மிகக் கடுமையான பருமன் உள்ளவர்களுக்கு நீண்ட அறுவையை ஒரே நாளில் முடிப்பது ஆபத்து என்பதால், மிஷேல் காக்னேயும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டை ஒட்டி அதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் இரைப்பையை மட்டும் சுருக்கி அனுப்பினார்கள். பலர் இரண்டாவது கட்டத்துக்கு அவசியமில்லாத அளவுக்கு இளைத்து வந்தார்கள். முதல் பாதி தனியே நிற்கும் அறுவையானது அப்படித்தான்.

இரண்டாவது வழி, வழக்கமான பைபாஸ் எனப்படும் ரூ-என்-ஒய் பைபாஸ். இதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். எஞ்சிய பெரிய இரைப்பை உள்ளேயே இருக்கும். அதற்குள் உணவு போகாது. ஜீரணநீரும் பித்தநீரும் வேறொரு கிளை வழியாகக் கீழே வந்து உணவைச் சந்திக்கும். ஆக, இரண்டு இணைப்புகள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் கீழ்க்குடலை வேகமாக அடைவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும்; மூளைக்குப் 'போதும்' என்ற சேதியை அனுப்பும். அமெரிக்காவில் வட கரோலினாவின் வால்டர் போரிஸ் 1995ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பைபாஸ் செய்தவர்களில் பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததை விரிவாகக் காட்டி மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே இன்சுலின் தேவை குறைந்தது வியப்பாகப் பேசப்பட்டது.

மூன்றாவது, நோயாளிகள் 'மினி பைபாஸ்' என்று சொல்லும் ஒற்றை இணைப்பு பைபாஸ். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997ல் தொடங்கியது. இரைப்பையை நீண்ட குழாயாக்கி, சிறுகுடலில் 150 முதல் 200 சென்டிமீட்டர் கீழே ஒரே இடத்தில் இணைப்பார்கள். அறுவை நேரம் குறைவு. இந்தியாவில் இது பல நாடுகளைவிட அதிகம் செய்யப்படுகிறது. பிரான்ஸில் 253 பேரிடம் நடந்த யோமேகா ஆய்வு 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எடைக் குறைப்பில் இது வழக்கமான பைபாஸுக்குச் சளைத்ததல்ல என்று காட்டிய அதே ஆய்வு, வயிற்றுப்போக்கும் சத்துக் குறைபாடும் அதிகம் என்றும் காட்டியது. பெயரில் 'மினி' இருந்தாலும் குடலில் விலக்கப்படும் நீளம் சிறியதல்ல. அந்த ஆய்வில் 200 சென்டிமீட்டர் விலக்கினார்கள். இன்று பல மருத்துவர்கள் 150ஐத் தாண்டத் தயங்குகிறார்கள்.

நான்காவது வகை, இரைப்பையை ஸ்லீவாகச் சுருக்கிவிட்டு முன்சிறுகுடலை வெட்டிக் கீழ்க்குடலோடு இணைப்பது. எடையும் சர்க்கரையும் அதிகம் இறங்குவது இதில்தான். புரதமும், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதிகம் குறைவதும் இதில்தான். இதே குடும்பத்தில் மிதமான ஒன்றைக் கோவை ஜெம் மருத்துவமனையில் பிரவீன் ராஜ், பழனிவேலு குழுவினர் செய்துபார்த்து 2012ல் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள். ஸ்லீவ் செய்துகொண்டு, முன்சிறுகுடலை மட்டும் தவிர்க்கும் முறை அது. வழக்கமான பைபாஸில் உள்ளே விட்டுவைக்கும் பெரிய இரைப்பைக்குள் எண்டோஸ்கோப்பியைச் செலுத்திப் பார்ப்பது கடினம். இரைப்பைப் புற்றுநோய் கவலைக்குரிய தென்னிந்தியாவில் அது ஒரு குறை. கண்ணில் படாத இரைப்பை எதுவும் இந்த முறையில் மிஞ்சுவதில்லை.

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் பொருத்தி இறுக்கும், ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த இரைப்பைப் பட்டை இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. பட்டை நழுவியது, இரைப்பையை அரித்தது, எடை போதிய அளவு குறையவில்லை. பொருத்தியவர்களில் கணிசமானோர் பிறகு அகற்றிக்கொள்ள நேர்ந்தது.

மூன்று கிலோ வித்தியாசம்

பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்லீவும் பாதிப் பேருக்குப் பைபாஸும் செய்தார்கள். ஐந்தாண்டு முடிவு 2018ல் வெளியானது. ஸ்லீவ் குழு தன் 'கூடுதல் எடை'யில் சராசரியாக 49 சதவீதத்தையும், பைபாஸ் குழு 57 சதவீதத்தையும் குறைத்திருந்தது. விளம்பரத்தில் போட்டால் எட்டு சதவீதம் பெரிதாகத் தெரியும். கிலோவில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பி.எம்.ஐ. (கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு) 39. பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ. ஆகவே கூடுதல் எடை 36 கிலோ. அதில் 49 சதவீதம் என்றால் பதினேழரை கிலோவுக்குச் சற்று அதிகம்; 57 சதவீதம் என்றால் இருபதரை கிலோ. வித்தியாசம் மூன்று கிலோவை ஒட்டி வருகிறது.

பத்தாண்டு முடிவு 2022ல் வந்தது. எடை வித்தியாசம் அதே அளவில்தான் நின்றது: 43.5க்கு 50.7 சதவீதம். வேறொரு எண்தான் கவனத்தை ஈர்த்தது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமில அழற்சி இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஒடுங்கிய குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேல்நோக்கி எதுக்களிக்கிறது. பைபாஸில் சிறுபையில் அமிலச் சுரப்பு மிகக் குறைவு. பித்தநீரும் எட்டாத தூரத்தில் இணைகிறது.

ஆகவே இரவில் புளித்தண்ணீர் தொண்டைக்கு வருகிறவர், தலையணையை உயர்த்திப் படுக்கிறவர், அமில மாத்திரை இல்லாமல் நாளைத் தொடங்காதவர் ஸ்லீவைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி பார்க்காமல் ஸ்லீவுக்கு நாள் குறிப்பது சரியல்ல. உதரவிதானத்தின் வழியாக இரைப்பை மேலேறியிருக்கிறதா, உணவுக்குழாயின் உள்தோல் ஏற்கெனவே மாறியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். ஒற்றை இணைப்பு பைபாஸில் அமிலம் குறைந்தாலும், சிலருக்குப் பித்தநீர் எதுக்களிக்கக்கூடும்.

சர்க்கரை எத்தனை வருஷமாக?

சர்க்கரைக்காகவே அறுவையை நாடுகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வி எடையைவிட முக்கியம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்பதை அது ஓரளவு சொல்லிவிடும். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை இன்னும் தெளிவாகச் சொல்லும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கும் ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவமனை ஒன்றும் 900 நோயாளிகளின் தரவுகளிலிருந்து 2017ல் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கின. எத்தனை வகைச் சர்க்கரை மருந்துகள், இன்சுலின் போடுகிறாரா, நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7க்குக் கீழ் இருக்கிறதா என நான்கே கேள்விகள். நோய் லேசாக இருப்பவர்களில் பைபாஸுக்குப் பிறகு 92 சதவீதம் பேரும், ஸ்லீவுக்குப் பிறகு 74 சதவீதம் பேரும் நீண்டகாலம் மருந்தில்லாமல் இருந்தார்கள். நடுத்தர நிலையில் பைபாஸ் 60, ஸ்லீவ் 25. இங்கே வித்தியாசம் மிகப் பெரிது. நோய் முற்றியவர்களிடமோ இரண்டிலும் 12 சதவீதம்தான்.

கடைசி எண் பொதுப் புத்திக்கு எதிரானது. நோய் கடுமையானால் பெரிய அறுவை வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பதினைந்து ஆண்டு சர்க்கரையும் தினம் இன்சுலினுமாக இருப்பவருக்குப் பைபாஸின் கூடுதல் ஆபத்தால் கூடுதல் பயன் கிடைப்பதில்லை. எளிய ஸ்லீவே போதும் என்று அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். பைபாஸ் அதிகம் கைகொடுப்பது நடுவில் இருப்பவர்களுக்கு. மருந்து இரண்டு மூன்றாகிவிட்டது, இன்சுலின் பேச்சு எழுகிறது, நோய்க்கு வயது இன்னும் பத்தாகவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் அவர்கள். 'சுகர் முழுசாகக் குணமாகும்' என்ற வாக்குறுதி எந்த அறுவைக்கும் பொருந்தாது. கிளீவ்லாந்தில் 150 பேரிடம் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சராசரி 6 அல்லது அதற்குக் கீழ் என்ற கடுமையான இலக்கைப் பைபாஸில் 29 சதவீதமும், ஸ்லீவில் 23 சதவீதமும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதமும் எட்டினார்கள்.

ரத்தம், மாத்திரை, சாப்பாடு

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச்சத்து உடலில் சேரும் முக்கிய இடம் முன்சிறுகுடல். பைபாஸ் விலக்கி வைப்பதும் அதே இடத்தைத்தான். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிற ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் அறுவைக்கு முன்பே 9ல் நிற்கிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் பைபாஸுக்குப் போவது பிறகு நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் நிலைக்குக் கொண்டு வரலாம். எந்த அறுவையானாலும் இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி வாழ்நாள் முழுதும் தேவை. இடைவிடாத வாந்தி வந்தால் தயமின் சத்து சில வாரங்களில் தீர்ந்து, நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அது அவசர நிலை. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் அறுவைக்குப் பிறகு ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போட வேண்டும்.

வலி மாத்திரை இன்னொரு கேள்வி. கனத்த உடலைச் சுமக்கும் மூட்டுக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. பைபாஸ் இணைப்பு இருக்கும் இடத்தில் இந்த மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும். புண் துளையாகவும் மாறும். பீடியும் சிகரெட்டும் அதையே செய்கின்றன. மூட்டுவாதத்துக்கு இந்த மாத்திரைகளை விடவே முடியாதவருக்கு ஸ்லீவ் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஹெலிகோபாக்டர் இருந்தால் அறுவைக்கு முன்பே மருந்தால் அழித்துவிட வேண்டும். மதுவின் கதையும் மாறுகிறது. பைபாஸுக்குப் பிறகு ஆல்கஹால் ரத்தத்தில் வேகமாக ஏறும். இரண்டாம் ஆண்டிலிருந்து குடிப்பழக்கச் சிக்கல் கூடுவதை அமெரிக்க ஆய்வொன்று 2012ல் பதிவு செய்தது. குடியை விட முடியாமல் இருப்பவருக்கு முதலில் அதற்கான சிகிச்சை, எடை பிறகு.

மதுரையின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் ஆலோசனை அறையில் திறந்து பேச வேண்டும். பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஒரு தம்ளர் ஜிகர்தண்டா, பைபாஸ் செய்தவரின் குடலுக்குள் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கும். படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி என்று அரை மணிக்குள் தெரிந்துவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை கீழே விழும். இனிப்பைக் கண்டால் கை நிற்காது என்பவர்களுக்கு இந்தத் தண்டனை உதவும் என்று சில மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதை நம்பி மட்டும் பைபாஸைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஸ்லீவ் செய்தவருக்குப் பெரும்பாலும் அந்தத் தண்டனை இல்லை. ஆனால் ஜிகர்தண்டாவும் பால்கோவாவும் ஒடுங்கிய குழாயில் தடையில்லாமல் வழுக்கி இறங்கும். எடை மெல்லத் திரும்ப ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பரோட்டாவும் கறித்துண்டும் வேறு விதம். சரியாக மெல்லாமல் விழுங்கினால் இரண்டு அறுவையிலுமே அடைத்துக்கொண்டு வலியும் வாந்தியும் வரும். இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டுச் சால்னாவோடு நாலு பரோட்டா சாப்பிடுகிறவருக்கு, அறுவைக்குப் பிறகு சாப்பிடும் நேரமும் வேகமும் சேர்ந்தே மாற வேண்டும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான். அசைவம் தொடாத, சோறும் ரசமுமாகச் சாப்பிட்டுப் பழகியவருக்குக் குடலை நீளமாக விலக்கும் அறுவைகள் புரதக் குறைவைக் கொண்டு வரும். பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர், தேவையானால் புரதப் பொடி என்று திட்டமிட முடியாத வீட்டில் அந்த அறுவைகளைத் தவிர்ப்பதே நல்லது.

யாருக்கு, என்ன விலைக்கு

1991ல் அமெரிக்கா வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40, அல்லது இணைநோய்களோடு 35 இருந்தால் அறுவை. இந்தியர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004ல் லான்செட்டில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யாஜ்னிக்கின் உடலில் கொழுப்பு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1 சதவீதம். மெலிந்த இந்திய உடலுக்குள்ளும் கொழுப்பு பதுங்கியிருக்கும் என்பதை ஒரே படத்தில் காட்டினார்கள். ஆசியர்களுக்கு 37.5, இணைநோய் இருந்தால் 32.5 என்று மருத்துவர்கள் அளவைக் குறைத்தார்கள். 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5லிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது.

ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இன்னும் 40, அல்லது கடுமையான இணைநோயோடு 35 என்றுதான் கேட்கிறது. பி.எம்.ஐ. 33ம் கட்டுக்கடங்காத சர்க்கரையும் உள்ள ஒருவர் மருத்துவக் கணக்கில் தகுதியானவர். காப்பீட்டுக் கணக்கில் தகுதியற்றவர். செலவைக் கையிலிருந்து போடும் குடும்பங்கள் மலிவான இடத்தைத் தேடிப் போகும் காரணங்களில் இதுவும் ஒன்று. இந்த விதி மாற வேண்டும்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடைக்குறைப்பு அறுவைக்காகப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மாநிலச் சுகாதாரத் துறை விசாரணைக் குழு அமைத்தது. தமிழ்நாடே பதறிய அந்தச் செய்திக்குப் பிறகு இந்த அறுவை என்றாலே சாவு என்ற பயமும் பரவியது. ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நீண்ட ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 5 பேர். ஆனால் சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் கண்காணித்தபோது, அறுவை செய்யாத ஒத்த குழுவைவிட இவர்களின் இறப்பு விகிதம் 29 சதவீதம் குறைவு. ஆபத்து சிறியது, ஆனால் பூஜ்ஜியமல்ல. மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு வந்தால் இரவிலேயே திரும்பத் திறக்கும் குழு ஆகிய நான்கும் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. எந்த வகை அறுவை என்று தேர்ந்தெடுக்கும்போது, அந்த மருத்துவர் எந்த வகையை அதிகம் செய்கிறார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இப்போது எடை குறைக்கும் ஊசியும் போட்டிக்கு வந்துவிட்டது. பைபாஸ் உடலுக்குள் கூட்டும் அதே ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்துகள் இவை. மவுஞ்சாரோ (டிர்செபடைடு) 2025 மார்ச்சிலும் வீகோவி (செமாக்ளூடைடு) அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. சர்மவுண்ட் ஆய்வில் டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரங்களில் சராசரியாக 20.9 சதவீதம் எடையைக் குறைத்தது. ஸ்லீவுக்கு அருகில் வரும் அளவு இது. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். அல்சர் அறுவையை மாத்திரை ஓரங்கட்டியது போல ஊசி இந்தப் 'பேரியாட்ரிக்' (எடைக்குறைப்பு) அறுவையை ஓரங்கட்டுமா என்ற கேள்விக்கு விலையும் பல ஆண்டுப் பாதுகாப்பும் பதில் சொல்லும். பி.எம்.ஐ. 30ஐ ஒட்டி இருப்பவர்கள் அறுவைக்கு முன் ஊசியைப் பற்றிப் பேசிப் பார்ப்பது இன்றைக்கு நியாயமான வழி. 45ல் இருப்பவருக்கு அறுவையின் வலு இன்னும் கூடுதல்.

வீடு திரும்பிய பிறகான ஏற்பாடுகளும் தேர்வில் ஒரு பங்கு. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. அறுவை முடிந்த வாரத்திலேயே இவற்றின் அளவு மாறிவிடும். பழைய சீட்டுப்படியே கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை விழுங்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். ஆகவே புது மருந்துச் சீட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் ஊழியருக்கும் போய்ச் சேர வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பேரியாட்ரிக் சர்ஜரி' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த வகை, குடலில் எத்தனை சென்டிமீட்டர் விலக்கியது, இணைப்பு எங்கே, குடலை இணைக்கும்போது அதன் மடிப்புகளுக்கிடையே உண்டாகும் உள்ளிடைவெளிகளைத் தைத்து மூடினார்களா என்பது எழுத்தில் வேண்டும். பைபாஸ் செய்து ஆண்டுகள் கழித்தும், எடை இறங்கியபின் அந்த இடைவெளிகளில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். எக்ஸ்ரே சாதாரணமாகத் தெரியலாம். வலி மட்டும் விட்டுவிட்டு வரும். நடு இரவில் திருமங்கலத்திலோ அலங்காநல்லூரிலோ பணியில் இருக்கும் மருத்துவர் அதைக் கேஸ் வலி என்று ஊசி போட்டு அனுப்பாமல், உடனே சி.டி. ஸ்கேனுக்கும் அறுவைக் குழுவுக்கும் மதுரைக்கு அனுப்ப வேண்டுமானால், அந்தத் தாளின் நகல் நோயாளியிடமும் வீட்டில் இன்னொருவரின் போனிலும் இருக்க வேண்டும்.